மலையும் புகையும்

சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டக்காரர்களுக்கு, மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்ய வேண்டிய பூ மழையைக் காட்டிலும் கவலைக்குரிய விஷயம் வேறொன்றில்லை. சேலம் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் 1820-களில் இம்மலையில் காப்பிச் செடியைக் கொணர்ந்து நட்ட காலந்தொட்டு, அம்மழை உரிய தருணத்தில் விழுந்து, ஏறக்குறையப் பத்து நாட்களில் மொட்டுகள் யாவும் ஒருசேர மலர்வதையே நம்பி அவர்களுடைய ஜீவனம் நடந்து வருகிறது. அம்மழை தவறும் ஆண்டுகளில் மலைமேலுள்ள ஏற்காட்டில் விவாதம் எழுகிறது. நிழல் மரங்களை வெட்டியதுதான் காரணம் என்பார் ஒருவர். மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்ஸைட் வெட்டி மலையுச்சிகளை மொட்டையாக்கியதே காரணம் என்பார் இன்னொருவர். ஏரியைச் சுற்றிப் பெருகிய விடுதிகளைச் சுட்டுவார் மற்றொருவர். படித்தவர் ஒருவர் சூரியனுடைய ஏற்றத்தாழ்வைக் கூறுவார். பூமி முழுவதுமே உஷ்ணமாகிறது என்பார் வேறொருவர். முடிவில், இத்தனை அபிப்பிராயங்கள் இருப்பதாலேயே எதுவும் நிச்சயமில்லை என்ற எண்ணத்துடன் அவரவர் எழுந்து போகிறார்கள்.

இந்த முடிவுதான் என்னை வருத்துகிறது. நிழலைக் குறைத்தால் தோட்டத்தின் சூடு ஏறுவதும், வெயில் பட்ட அராபிகாச் செடியைத் தண்டுத் துளைப்பான் நாடி வருவதும் தோட்டக்காரர் கண்கூடாக அறிந்தவை. ஆனால் அந்தச் சான்று அந்தத் தோட்டத்தளவில்தான் செல்லும். கைத்தொழில் யுகத்துக்கு முன்பிருந்ததைவிடப் பூமியின் சராசரி உஷ்ணநிலை ஒரு டிகிரிக்கும் மேலாக உயர்ந்திருப்பதற்கு ஏற்காட்டில் நிழல்தரும் சில்வர் ஓக் மரங்களை வெட்டியது காரணமாக மாட்டாது. இரு வெவ்வேறு வினாக்களை ஒன்றாகக் கட்டிவிட்டு, ஒன்றின் ஐயத்தை மற்றதன்மேல் ஏற்றுகிறோம்.

மலையில் புகை தெரிவதால் அங்கே நெருப்புண்டு என்பது, நம் தருக்க சாஸ்திரிகள் அனுமானப் பிரமாணத்துக்குக் காட்டும் பழைய உதாரணம். மூடுபனியைப் புகையென்று மயங்கினால் அனுமானம் பொய்த்துவிடும் என்பதையும் அவர்களே எச்சரித்தார்கள். ஆகவே அடையாளம் அந்தக் காரணத்துக்கே உரியதாக இருத்தல் வேண்டும். விஞ்ஞானிகள் தேடியதும் அத்தகைய அடையாளங்களையே. சூரியன்மேல் விழும் சந்தேகம் அற்பமானதன்று. கோடைக்கானலில் 1899-இல் சூரிய ஆராய்ச்சி நிலையம் அமைந்ததற்கே, பஞ்சத்தால் நொந்த சென்னை ராஜதானியில் சூரியனுக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பை அறியும் ஆவல் ஒரு காரணம். ஆனால் 1978 முதல் செயற்கைக் கோள்கள் அளந்து வரும் சூரிய ஒளி, பதினோராண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறதேயன்றி, மொத்தத்தில் உயரவில்லை. சூரியனே காரணமாயின் வாயுமண்டலத்தின் மேலடுக்கும் கீழடுக்கும் சேர்ந்தே சூடேற வேண்டும். கீழடுக்கு சூடேறியிருக்க, மேலடுக்கோ குளிர்ந்திருக்கிறது. வெப்பம் கீழேயே பிடித்து நிறுத்தப்படும்போதுதான் இவ்வாறு நேரும்.

வெப்பத்தைப் பிடித்து நிறுத்தும் கரியமில வாயு எங்கிருந்து வந்தது என்பதற்கும் அடையாளம் உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் கிடந்த நிலக்கரியில் கதிரியக்கமுள்ள கார்பன் அறவே அழிந்திருக்கும். அதை எரித்தெழுந்த வாயு கலக்கக் கலக்கக் காற்றில் அந்தக் கார்பனின் விகிதம் குறைய வேண்டும். குறைந்திருப்பதை 1955-இலேயே ஹான்ஸ் சூஸ் என்னும் விஞ்ஞானி மரங்களின் கட்டையில் கண்டார். முன்பு பத்து லட்சத்தில் 280 பங்காயிருந்த அவ்வாயு இன்று 420-ஐக் கடந்துவிட்டது.

இமயத்துப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடும் என்று பருவநிலை மாற்றம் பற்றிய சர்வதேசக் குழுவின் அறிக்கையொன்றில் புகுந்த தவறு 2010-இல் ஒப்புக்கொள்ளப்பட்டபோது, நம் நாட்டில் பலர் பூமி சூடேறுவதற்குக் கூறப்படும் காரணமே பொய் என்று பேசலானார்கள். பனி உருகும் வேகத்தைப் பற்றிய பிழை, உருக்கும் நெருப்பை இல்லையென்று ஆக்கிவிடாது.

உண்மையான ஐயம் வேறிடத்தில், காற்றில் மிதக்கும் துகள்களிலும் மேகங்களிலும், இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வீ. இராமநாதன், குளிர்பதனப் பெட்டி வாயுக்களும் பூமியைச் சூடாக்கும் என்று 1975-இல் நிறுவியவர். அவரும் பிற நாட்டு ஆராய்ச்சியாளரும் 1999-இல் இந்து மகா சமுத்திரத்தின் மேல் பரந்த பழுப்பு நிறத் துகள் படலம் சூரிய ஒளியை மறைப்பதை அளந்தார்கள். சேர்வராயன் மலைக்கு மேற்கே மேட்டூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியிலிருந்து சூடாக்கும் கரியமில வாயுவும், ஒளியைத் திருப்பிக் குளிர்விக்கும் கந்தகத் துகள்களுக்கு மூலமான வாயுவும் ஒருங்கே வெளிவருகின்றன. துகள்கள் சில நாட்களில் மழையோடு இறங்கிவிட, கரியமில வாயுவில் ஒரு பகுதி நூற்றாண்டுகள் தங்குகிறது. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் உஷ்ணம் 0.7 டிகிரி அளவே உயர்ந்ததற்கு இத்துகள்களும் ஒரு காரணம். அவை எவ்வளவு வெப்பத்தை மறைத்து வைத்திருக்கின்றன, மேகங்கள் எவ்வாறு மாறும் என்பன திட்டமாய்த் தெரியாமையால், கரியமில வாயு இருமடங்கானால் உஷ்ணம் 2.5 முதல் 4 டிகிரி வரை உயரக்கூடும் என்று ஒரு வீச்சாகவே கூறுகிறார்கள்.

ஏற்காட்டுப் பூ மழையின் கதி இதைவிடவும் தெளிவற்றது. உலகக் கணித மாதிரிகள் பலவற்றின் ஒரு கட்டம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் அகலமுடையது. அதனுள் சேர்வராயன் மலைத்தொடர் முழுதும், சேலம் சமவெளியோடு சேர்ந்து, ஒரே எண்ணாய் அடங்கிவிடுகிறது. நெடுநாளாய் மழைமானி பார்த்து எழுதிய பதிவேடுகள் பழைய தோட்டங்களின் பெட்டிகளில் கிடக்குமாயின், அவற்றைக் கறையான் அரிப்பதற்கு முன் வானிலை ஆராய்வோர் கையில் சேர்ப்பிக்க வேண்டும்; ஏற்காட்டு விவாதத்துக்கு இன்று தேவைப்படும் சாட்சியம் அவற்றில்தான் இருக்கிறது.