தொலைவிலிருந்து திரும்பும் விழி

கொங்கு நாட்டில் கிணற்று மோட்டாரை அறியாத சிறுவர் இலர். பல்லடம், அவிநாசி, பொள்ளாச்சி வட்டாரங்களில் உழவர் முன்னாளில் மின்சாரம் வரும் வேளையை எதிர்நோக்கியிருந்து, நள்ளிரவாயினும் கைவிளக்கை எடுத்துக்கொண்டு, வரப்பின்மேல் நடந்து சென்று மோட்டாரை ஓட்டிவிட்டு வருவர். இருளும் மழையும் அரவமும் அவ்வழியில் உண்டு. இன்று அவருள் பலர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தவாறே கைப்பேசியில் ஓர் எண்ணை அழுத்துகின்றனர்; தோட்டத்து மோட்டார் ஓடுகிறது. மற்றோர் எண்ணை அழுத்தினால் நின்றுவிடுகிறது. தொலைவிலுள்ள ஒரு பொறி, மனிதன் அருகே செல்லாமலே அவன் ஏவலைக் கேட்கிறது.

எனினும் அம்மோட்டாருக்குத் தெரிந்த சொற்கள் இரண்டே: ஓடு, நில். அதனினும் பல சொற்களை அறிந்து பணிபுரியும் பொறி ஒன்று உண்டு. வலப்புறம் திரும்பு, இடப்புறம் திரும்பு, நிமிர், குனி, நெருங்கிப் பார், விலகிப் பார், விரைவாகச் செல், மெல்லச் செல் என்னும் ஏவல்கள் அனைத்தும் அதற்குப் புரியும். அதுவே காணொளிக் கூட்டங்களில் பயன்படும், தொலைவிலிருந்து இயக்கப்பெறும் காமிரா.

இத்தகைய கருவிகளின் பயனைக் கொங்கு நாட்டிலேயே காணலாம். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் செல்லும் வழியில், மலையடிவாரத்தில் எட்டிமடை என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள அமிர்தா பல்கலைக்கழகத்துக்குக் கேரளத்திலும் கருநாடகத்திலும் வளாகங்கள் உண்டு. ஒரு வளாகத்தில் ஆசிரியர் நடத்தும் பாடத்தை மற்ற வளாகங்களின் மாணவர்களும் அதே நேரத்தில் கேட்டுப் பயில்வதற்காக, அப்பல்கலைக்கழகத்தார் செயற்கைக்கோள் வழியாக வகுப்பறைகளை இணைத்தனர். பின்னர், ‘ஏ-வியூ’ என்னும் காணொளி வகுப்பு முறையையும் அவர்கள் உருவாக்கினர். 2009-ஆம் ஆண்டு நடுவண் அரசு தொடங்கிய தேசியக் கல்வித் திட்டத்தின்கீழ் அம்முறை நாடெங்கும் பரவியது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர்கள் நடத்திய பயிற்சி வகுப்புகளை, பல மாநிலங்களின் பொறியியற் கல்லூரி ஆசிரியர்கள் தத்தம் ஊருக்கு அண்மையிலிருந்தே கேட்டனர்.

முகம் பார்த்துப் பேசும் கருவி புதியதன்று. 1936-ஆம் ஆண்டிலேயே செருமனியில் பெர்லின், லைப்சிக் என்னும் இரு நகரங்களுக்கிடையே பொதுமக்கள் ஒருவரையொருவர் கண்டு பேசும் தொலைபேசி நிலையங்கள் அமைக்கப்பட்டன. 1964-இல் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் அமெரிக்க நிறுவனம் ஒன்று ‘பிக்சர்போன்’ என்னும் கருவியைக் காட்டியது. ஆனால், அக்கருவிகளின் காமிரா அசையாது. பேசுகின்றவர் அதன் முன்னே சிலைபோல் அமர்ந்திருக்க வேண்டும். சற்று விலகினால் படத்திலிருந்து மறைந்துவிடுவார். மனிதனுக்கு ஏற்பக் காமிரா திரும்பாமல், காமிராவுக்கு ஏற்ப மனிதன் அமர வேண்டியிருந்தது. ஓர் ஊரில் இருப்பவர் மற்றோர் ஊரிலுள்ள காமிராவைத் திருப்புவதற்கான உலகப் பொது விதி 1994-இல் தான் வகுக்கப்பட்டது.

இக்காமிராவின் உடலமைப்பு மிக எளியது. அடியில் அசையாத பீடம், அதன்மேல் திரும்பும் தலை, தலையினுள் வில்லைகள். பீடத்தினுள் உள்ள ஒரு மோட்டார் தலையைப் பக்கவாட்டில் திருப்புகிறது. மற்றொன்று மேலும் கீழும் அசைக்கிறது. இவை கிணற்று மோட்டாரைப்போல் இடைவிடாது சுழல்வன அல்ல. ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஒரு சிறு படி மட்டுமே நகரும் இயல்புடையவை. ஆகவே, எத்தனை துடிப்புகள் அனுப்பப்பட்டன என்பதைக் கொண்டே தலை எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்று கருவி கணக்கிட்டுக்கொள்ளும். மோட்டார்த் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம் கோயம்புத்தூர். இந்தியாவில் முதன்முதலாகச் செய்யப்பெற்ற மின்மோட்டார் 1937-இல் இந்நகரில் ஜி. டி. நாயுடுவின் முயற்சியால் உருவாயிற்று என்பர். அம்மோட்டாரின் வழிவந்த சிறு பேரப்பிள்ளைகள் என்றே காமிராவினுள் உள்ளவற்றைக் கருதலாம்.

வில்லைகள் முன்னும் பின்னும் நகர்வதால் தொலைவிலுள்ள உருவம் பெரிதாகத் தெரிகிறது. பத்து மடங்கு, இருபது மடங்கு பெரிதாக்கும் காமிராக்கள் கடைகளில் கிடைக்கின்றன. இங்கே வாங்குவோர் ஏமாறாதிருத்தல் வேண்டும். வில்லையால் பெரிதாக்குவது வேறு; பிடித்த படத்தை வெறுமனே இழுத்துப் பெரிதாக்குவது வேறு. முன்னதில் புதிய விவரங்கள் தெரியும். பின்னதில் துணியை இழுத்தால் இழை விலகுவதுபோல் படம் கலங்கிப்போகும். விளம்பரத்தில் எண் எவ்வளவு பெரிதாயிருப்பினும், வில்லையின் எண்ணையே கேட்டறிதல் நன்று.

கருவியை எங்கே பொருத்துவது? பலர் உயரத்தில் சுவரின் மூலையில் மாட்டிவிடுகின்றனர். அவ்வாறு மாட்டினால் தொலைவிலிருந்து காண்பவருக்கு மாணவர்களின் தலைமுடியே தெரியும், கண்கள் தெரியா. அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்குச் சற்று மேலே, எதிர்த்தரப்பினர் தோன்றும் திரைக்கு மிக அருகே காமிரா இருத்தல் வேண்டும். பேசுகின்றவர் திரையிலுள்ள முகத்தை நோக்கியே பேசுவார். திரையும் காமிராவும் ஒன்றையொன்று ஒட்டியிருந்தால்தான் அவர் தம்மை நோக்கிப் பேசுவதாக மறுபுறத்தார் உணர்வர். பிடிப்பு உறுதியாக இருக்க வேண்டுவதும் இன்றியமையாதது. ஆடும் பலகையின்மேல் காமிராவை வைத்து, கடைசி வரிசை மாணவனை இருபது மடங்கு பெரிதாக்கிக் காட்டினால், பலகையின் சிறு அதிர்வும் இருபது மடங்கு பெருகி, அவன் நிலநடுக்கத்தில் அமர்ந்திருப்பதுபோல் தோன்றுவான். விதானத்தில் தலைகீழாகத் தொங்கவிடுவதாயின், படத்தை நிமிர்த்திக் காட்டும்படி கருவியின் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். அப்பொழுது வலம், இடம் என்பனவும் மாறியுள்ளனவா என்று ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருத்தும் இடத்தினும் முதன்மையானது ஒளி. மாணவர்கள் சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தால், வெளியிலுள்ள வெயிலைக் கண்டு காமிராவின் கண்மணி சுருங்கிவிடும். முகங்கள் நிழலுருவங்களாக இருண்டுபோகும். காமிராவே சன்னலுக்கு முதுகு காட்டி நிற்க, மாணவர் ஒளியை எதிர்நோக்கியிருப்பதே முறை. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகங்கள் விரைந்து வரும் நாட்களில், வெயிலும் நிழலும் நொடிக்கு நொடி மாறும். தானே ஒளியைச் சரிசெய்துகொள்ளும் காமிரா அப்போது ஓயாமல் இருண்டும் வெளுத்தும் காண்போர் கண்ணை வருத்தும். திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கொளியில் வகுப்பை நடத்தி, ஒளியின் அளவை ஒரே நிலையில் நிறுத்திவிடுவது நலம். விளக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. இந்திய நாட்டின் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகளை உடையது. அமெரிக்க மின்சாரம் 60. அமெரிக்க அளவுக்கு அமைத்த காமிராவை இங்குள்ள குழல்விளக்கின்கீழ் அப்படியே இயக்கினால், திரையில் கருநிறப் பட்டைகள் அலைபோல் ஏறி இறங்கும். கருவி பழுதென்று கருதித் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. 60 என்பதை 50 என்று மாற்றுவது ஒன்றே அதற்கு மருந்து.

கம்பிகளைப் பற்றி நெடிது கூற வேண்டுவதில்லை. கணிப்பொறி வலைப்பின்னலுக்குரிய கம்பி 100 மீட்டர் வரை செல்லும். படம், ஏவல், மின்சாரம் ஆகிய மூன்றையும் அவ்வொரு கம்பியே சுமக்கும் காமிராக்களும் உள்ளன. யு.எஸ்.பி. கம்பியோ சில மீட்டருக்குமேல் சோர்ந்துவிடும். அறையின் நீளத்தை அளந்த பின்னரே கம்பி வாங்க வேண்டும்.

ஏவல்கள் எவ்வாறு செல்கின்றன என்பது சுவையான செய்தி. ஜப்பானிய நிறுவனமாகிய சோனி வகுத்த ‘விஸ்கா’ என்னும் முறையைப் பல காமிராக்கள் பின்பற்றுகின்றன. அதில் ஒவ்வோர் ஏவலும் சில எண்களாலான சிறு மடல். மடலின் தொடக்கத்தில் எந்தக் காமிராவுக்கு என்னும் முகவரி. நடுவில் செய்ய வேண்டிய செயல். இறுதியில் முற்றுப்புள்ளி போன்ற ஓர் எண். ஒரே கம்பித்தொடரில் ஏழு காமிராக்களை இணைத்தாலும், தன் முகவரிக்கு வந்த மடலை மட்டுமே ஒவ்வொன்றும் ஏற்கும். ஏற்றவுடன் ‘பெற்றேன்’ என்று ஒரு விடை அனுப்பும். செயல் முடிந்தபின் ‘முடித்தேன்’ என்று மற்றொரு விடை அனுப்பும். ஏவிய பணியை ஏற்றதையும் முடித்ததையும் தனித்தனியே கூறும் ஏவலாளர் மனிதருள்ளும் அரியர்!

இனி, இயக்கும் முறை. புதிதாகக் கற்பவர் யாவரும் ஒரே இடத்தில் இடறுவர். பொத்தானை அழுத்துவர், காமிரா திரும்பும், வேண்டிய முகம் திரையில் தோன்றியதும் விரலை எடுப்பர், ஆனால் காமிரா அம்முகத்தைக் கடந்து சுவரைக் காட்டிக்கொண்டிருக்கும். இதன் காரணம் தொலைவே. நிலநடுக்கோட்டுக்கு மேலே நிலைத்திருக்கும் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. 2004-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் கல்விக்கென்றே இந்தியா ஏவிய எடுசாட் அத்தகையதாயிருந்தது. ஒளியின் விரைவில் சென்றாலும், செய்தி மேலேறிக் கீழிறங்கக் கால் விநாடி ஆகும். ஏவல் செல்லக் கால் விநாடி, படம் மீளக் கால் விநாடி. விநாடிக்கு 60 பாகை திரும்பும் காமிரா, அந்த அரை விநாடியில் 30 பாகை கடந்துவிடும். கம்பிவழித் தொடர்பில் காலத்தாழ்வு குறைவெனினும், படத்தைச் சுருக்கி விரிக்கும் பொறிகள் தம் பங்குக்கும் சிறிது தாமதம் செய்கின்றன.

இத்தாழ்வை வெல்லும் வழி, நிலைகளை முன்னரே நினைவில் பதித்துவைத்தல். வகுப்புத் தொடங்குமுன் இயக்குபவர் காமிராவை ஆசிரியரின் மேசைமேல் நிறுத்தி, அளவு பார்த்து, அந்நிலையை 1 என்னும் எண்ணில் பதிப்பார். கரும்பலகையை 2 என்றும், முன் வரிசையை 3 என்றும், கடைசி வரிசையை 4 என்றும், அறை முழுவதையும் 5 என்றும் பதிப்பார். பின்னர் எண்ணை அழுத்தினால் போதும். காமிரா தானே சென்று உரிய இடத்தில் நிற்கும். படிகளை எண்ணும் மோட்டாரின் அருமை இங்கேதான் விளங்கும். ஆயினும், யாரேனும் காமிராவைக் கையால் திருப்பிவிட்டால் அதன் கணக்குத் தவறிவிடும், பல்லும் தேயும். மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்தால், அது இரு எல்லைகளையும் தொட்டுப் பார்த்துத் தன் கணக்கைப் புதுப்பித்துக்கொள்ளும்.

காரணமின்றிக் காமிராவை அசைத்துக்கொண்டே இருப்பதும் கூடாது. காணொளி அனுப்பும் பொறி, முந்தைய படத்துக்கும் பிந்தைய படத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே பெரும்பாலும் அனுப்புகிறது. ஆசிரியரின் உதடும் கையும் அசைந்தால் வேறுபாடு சிறிது. காமிராவே திரும்பினால் படம் முழுவதும் வேறுபடும். செய்தியின் சுமை பெருகும். இணைப்பு மெலிந்த ஊர்களில் படம் கட்டம் கட்டமாகச் சிதறும். ஒன்றைக் காட்டி நிறுத்தி, காண்போர் கண்ணுக்கு ஓய்வளித்து, பின்னர் அடுத்ததைக் காட்டுபவரே தேர்ந்த இயக்குநர்.

இத்துணை முயற்சியும் எதற்காக? வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு மாணவி கையை உயர்த்துகிறாள் என்று கொள்வோம். ஆசிரியர் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். அசையாத காமிராவில் அவள் ஒரு புள்ளி. அவள் கை புள்ளியினும் சிறிது. ஆசிரியர் காணார், பாடம் மேலே செல்லும், சற்று நேரத்தில் கை தாழ்ந்துவிடும். மறுமுறை அவள் கையை உயர்த்தமாட்டாள். இயக்குபவர் கவனமுடையவராயின், 4 என்னும் எண்ணை அழுத்துவார். அவள் முகம் ஆசிரியரின் திரையில் நிறையும், வினா பிறக்கும். விளக்கம் கூறிய பின்னும் அவள் நெற்றியிலுள்ள சுருக்கம் நீங்கவில்லையெனில், ஆசிரியர் மீண்டும் ஒருமுறை வேறு விதமாக விளக்குவார்.

நீதிமன்றத்தில் இக்கருவியின் பொறுப்பு இன்னும் பெரிது. நியூயார்க்கிலிருந்த மருத்துவர் ஒருவரின் சாட்சியத்தைக் காணொளி வழியாகப் பெறலாமா என்னும் வினா எழுந்த வழக்கில், பெறலாம் என்று இந்திய உச்சநீதிமன்றம் 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தீர்ப்பளித்தது. ஒரே அறையில் உடலால் இருப்பதுமட்டுமே முன்னிலை ஆகாது. கண்டும் கேட்டும் வினவவும் இயலுமாயின் அதுவும் முன்னிலையே என்பது அதன் கருத்து. தமிழ்நாட்டுச் சிறைகளிலிருந்தும் கைதிகள் காணொளி வழியாக நீதிமன்றத்தின்முன் தோன்றுகின்றனர். அங்கே காமிரா ஒரு முகத்தை மட்டும் காட்டினால் போதாது. அருகே நின்று யாரேனும் விடையை ஓதுகின்றனரா, மேசைமேல் எழுதிவைத்த தாள் உள்ளதா, பேசுபவர் அச்சத்தால் யாரையேனும் ஓரக்கண்ணால் பார்க்கிறாரா என்பனவற்றை நீதிபதி அறிதல் வேண்டும். ஆகையால், முதலில் காமிராவை மெல்லத் திருப்பி அறையின் நான்கு சுவரையும், வாயிலையும், உள்ளிருப்போர் அனைவரையும் காட்டச் செய்து, அதன் பின்னரே முகத்தில் நிறுத்துவது தக்கது.

அறை முழுவதையும் காணவல்ல விழி, காணக்கூடாததையும் காணும். கூட்டம் முடிந்த பின்னரும் காமிரா விழித்திருந்தால், அறையிலுள்ளோர் அறியாமலே அவர்தம் பேச்சும் செயலும் எங்கோ ஒருவர் திரையில் ஓடிக்கொண்டிருக்கலாம். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவது, வீட்டுச் சாவியைக் கதவிலேயே விட்டுச் செல்வதற்கு ஒப்பாகும்; அச்சொற்கள் பலரும் அறிந்தவை. பெரும்பாலான காமிராக்களில் ஒரு சிறு விளக்கு உண்டு. அதன் நிறம் கருவி விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்பதை உணர்த்தும். சில காமிராக்கள் உறங்கும்போது வில்லையைச் சுவரின் பக்கமாகவோ பீடத்தின் பக்கமாகவோ திருப்பிக்கொள்கின்றன. இயக்குபவர் அறையைவிட்டு வெளியேறுமுன் அவ்விளக்கையும் வில்லையையும் ஒருமுறை பார்த்து, ஒலிவாங்கியையும் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும்.