ஒரு நாள் லீவில் ஆக்ராவா, மதுராவா?

ஊரிலிருந்து பெற்றோர் வந்து இறங்கியதும் தில்லித் தமிழருக்கு எழும் கேள்வி இது. கையிலிருப்பதோ ஒரே நாள் லீவு. மதுரா சுமார் 145 கிலோ மீட்டர், ஆக்ரா 200. 1964-இல் விடப்பட்ட தாஜ் எக்ஸ்பிரஸே காலையில் போய் இரவு திரும்புகிறவர்களுக்கான வண்டிதான். ஒரே பாதைதானே, இரண்டையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடுவோர் பலர்.

நானும் போட்டேன். ரயில்வே குமாஸ்தா அல்லவா, டயம் டேபிள் மனப்பாடம்! அன்று வீட்டை விட்டுக் கிளம்பவே எட்டரை மணியாயிற்று. மதுரா போய்ச் சேர்ந்தபோது கோயில் நடை சாத்தியாகிவிட்டது. இனி மாலையில்தான் திறப்பார்கள். ஆக்ராவுக்கு ஓடினோம். அன்று வெள்ளிக்கிழமை, தாஜ்மகாலுக்கு விடுமுறை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த முறை விடியற்காலையில் கிளம்பி, பிருந்தாவனம் மட்டும் போனோம். மதுராவிலிருந்து சுமார் 12 கிலோ மீட்டர். அங்குள்ள ரங்கஜி கோயில் 1851-இல் கட்டி முடிக்கப்பட்டது. தென்னாட்டுப் பாணிக் கோபுரம். உள்ளே ரங்கமன்னாருடன் ஆண்டாள். "நம்ம வில்லிபுத்தூர்ப் பெண் கண்ணன் ஊருக்கே வந்துட்டாளே!" என்று அம்மா நின்றுவிட்டார். அவரைக் கிளப்பவே ஒரு மணி நேரமாயிற்று.

ஆக்ராவை அடுத்த லீவுக்கு வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை அல்ல.