அயலவர் பேசாதபோது

வெள்ளவத்தையில் ஒரு மருந்தகமும் கொட்டாஞ்சேனையில் அதன் கிளையும் இருப்பதாகவும், இரண்டையும் ஈதர்நெட் இணைப்பொன்று பிணைப்பதாகவும் வைத்துக்கொள்வோம். கிளையில் நோயாளி காத்துநிற்கிறார். அவருக்குரிய மருந்து வெள்ளவத்தைக் களஞ்சியத்தில் உண்டோ என்று கணினி காட்டவில்லை. கம்பியிற் பழுது என்றே பலரும் கூறுவர். ஆனால் கம்பி நன்றாயிருக்க, இரு முனையிலுமுள்ள ரூட்டர்கள் ஒன்றையொன்று அயலவராக ஏற்காதிருத்தலும் கூடும்.

ரூட்டர் என்பது செய்திக்கு வழிகாட்டும் கருவி. வழிகளை அறிய அது அயல் ரூட்டருடன் உறவுகொள்ளல் வேண்டும். அதற்கான நெறிமுறைகளுள் பெருவழக்கான ஒன்று ஓ.எஸ்.பி.எவ். என்பது. இதன் இரண்டாம் பதிப்பின் நடப்பு வரையறை 1998ஆம் ஆண்டு வெளிவந்தது. ஈதர்நெட் இணைப்பில் ரூட்டர் வழக்கமாக 10 வினாடிக்கொருமுறை 'ஹலோ' என்னும் சிறு செய்தியை அனுப்பும். 40 வினாடி அது கேளாவிடின் அயலவர் இல்லையெனக் கொள்ளப்படும்.

பழுதை நாடுவோர் முதலில் ரூட்டரின் அயலவர் பட்டியலைப் பார்த்து, உறவு எந்தப் படியில் நின்றதென அறிதல் வேண்டும்.

பட்டியலில் அயலவரே இல்லையாயின், மறுமுனை முகவரி பதிலளிக்கிறதா என்று சோதிக்க. பதில் வருமாயின், ஹலோ நேரம், காத்திருக்கும் நேரம், பகுதி எண், வலையமைப்பு முகமூடி, கடவுச்சொல் ஆகியவற்றை ஒப்பிடுக. இவற்றுள் ஒன்று வேறுபடினும் ஹலோ தள்ளப்படும்.

'இனிற்' என்ற படியில் நின்றால், அயலவர் குரல் நமக்குக் கேட்கிறது. நம் குரல் அவருக்கு எட்டவில்லை. இடையிலுள்ள தடுப்பு விதிகளை ஆராய்க.

'எக்ஸ்ஸ்ராட்' அல்லது 'எக்ஸ்சேஞ்ச்' என்ற படியில் நின்றால், எம்.ரி.யு. எனப்படும் பொதி அளவெல்லையை நோக்குக. ஒரு முனையில் 1500, மறுமுனையில் 1400 என்றிருப்பின், சிறிய எல்லையுடையது மற்றதன் விவரப் பொதியை ஏற்காது. ஹலோ சிறிதாகையால் தடையின்றிச் செல்லும். ஆகவே பலர் இங்கே மயங்குவர்.

பழுது கண்டவுடன் ரூட்டரை அணைத்து மீள இயக்குவது பலர் வழக்கம். அதனால் நினைவிலிருந்த தடயம் அழியலாம். சேமிக்கப்பட்ட அமைப்பிலுள்ள முரண்பாடோ அப்படியே மீளும். முதலில் இரு முனையின் அமைப்பையும் எழுதிவைத்து ஒப்பிடுக. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. மாற்றியபின் பட்டியலில் 'ஃபுல்' என்ற நிலை தோன்றுகிறதா எனப் பார்க்க. அது தோன்றினால் அயலவர் உறவு நிறைவெய்திவிட்டது. காத்துநிற்கும் நோயாளிக்கும் விடை விரைவில் கிடைக்கும்.