நாவின் கட்டு அவிழ்ந்தது

பத்தாண்டுகள் ஒரு மொழியைப் பயின்ற பின்னும், அம்மொழியில் நான்கு சொற்களைச் சேர்த்துப் பேச நா எழாத நிலை நம் இல்லங்களுக்குப் புதிதன்று. ஆங்கிலத் தாளில் எண்பது மதிப்பெண் பெற்ற பிள்ளை, வீட்டிற்கு வந்த விருந்தினர் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டதும் அடுப்பங்கரைக்குள் ஓடி மறைவதை நாம் கண்டதில்லையா? இமயத்திற்கு அப்பாலுள்ள பிள்ளைகளுக்கும் இதே துன்பம் உண்டு என்பதையும், ஒரு பெண்ணுக்கு அது எவ்வாறு தீர்ந்தது என்பதையும், சீனத்தில் மருத்துவம் பயின்று திரும்பிய மாணவி ஒருவர் வாயிலாக அறிந்தோம். நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி அதனை இங்கே தருகிறோம்.

வெள்ளிக்கிழமை மாலை

இம்மாணவி தமிழ்வழிப் பள்ளியில் பயின்றவர். 2016ஆம் ஆண்டு கிழக்குச் சீனத்தின் பல்கலைக்கழகம் ஒன்றில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் வளாகத் தோட்டத்தில் மாணவர் கூட்டம் ஒன்று கூடுவதைச் சில வாரங்களில் கண்டார். அங்கே ஆசிரியர் இல்லை, பாடநூல் இல்லை, கட்டணமும் இல்லை. இருவர் மூவராக நின்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தனர். 'ஆங்கில மூலை' என்பது அதன் பெயர்.

இவ்வழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. பண்பாட்டுப் புரட்சியின்போது 1966இல் நிறுத்தப்பட்ட பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு, 1977 டிசம்பரில் மீண்டும் நடந்தது. வயல்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வந்து அதனை எழுதியோர் சுமார் 57 இலட்சம் பேர். இடம் பெற்றோர் மூன்று இலட்சத்திற்கும் குறைவு. அதன்பின் அந்நாட்டின் கதவு வெளியுலகிற்குத் திறக்கவே, ஆங்கிலம் கற்கும் வேட்கை பெருகிற்று. பேசிப் பழக ஆள் தேடியோர் பூங்காக்களில் கூடினர். சாங்காய் நகரின் மக்கள் பூங்காவிலும், பெய்ஜிங்கில் மக்கள் பல்கலைக்கழக வளாகத்திலும் கூடிய கூட்டங்கள் நாடெங்கும் பெயர் பெற்றவை.

2001ஆம் ஆண்டிலிருந்து தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் புகுத்தப்பட்டது. நுழைவுத் தேர்வின் 750 மதிப்பெண்களில் 150 அயல்மொழிக்கு உரியவை. ஆயினும் பெரும்பாலான மாகாணங்களில் அம்மதிப்பெண்கள் கேட்டலுக்கும் படித்தலுக்கும் எழுதுதலுக்குமே அன்றிப் பேச்சுக்கு அல்ல. ஆகவே, படித்தால் பொருள் விளங்கும். பேச வாய் வராது. இதனைச் சீனர்களே 'ஊமை ஆங்கிலம்' என்று எள்ளி நகைப்பர்.

"சாப்பிட்டாயிற்றா?"

அக்கூட்டத்தின் ஓரத்தில் மூன்று வாரங்கள் ஒரு சொல்லும் பேசாது நின்றாள் ஒரு பெண். நான்காம் வாரம் நம் மாணவியின் அருகில் வந்து, "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கேட்டவுடன் தவறிழைத்தவள்போல் முகம் சிவந்தாள். வெள்ளைக்காரருக்கு அக்கேள்வி வியப்பாக இருந்திருக்கலாம். நம் மாணவிக்கோ ஊர்த் தெருவில் நிற்பதுபோல் இருந்தது! வழியில் கண்டவரைச் சாப்பிட்டாயிற்றா என்று நலம் விசாரிப்பது சீனருக்கும் நமக்கும் பொதுவான பழக்கமன்றோ?

அன்று தொடங்கிய பேச்சு வாரந்தோறும் வளர்ந்தது. அத்தோழி தன் தாயைப் பற்றிப் பேசுகையில், 'அவன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே சொல்வாள். சீனப் பேச்சில் அவன், அவள் இரண்டிற்கும் 'தா' என்னும் ஒரே ஒலிதான். எழுத்தில் மட்டுமே வேறுபாடு. நம் மாணவி சிரிப்பை அடக்கிக்கொண்டார். அடக்கியது நல்லதாயிற்று. மறுநாளே பழக்கடையில் அவர் சீன மொழியில் தடுமாறினார். 'மை' என்னும் ஒலி தாழ்ந்து எழுந்தால் வாங்குதல். சரிந்து விழுந்தால் விற்றல். ஆப்பிள் விற்க வந்திருப்பதாக அவர் சொல்லவே கடைக்காரர் உரக்கச் சிரித்தார். உடன் நின்ற தோழி சிரிக்கவில்லை. மெல்ல அச்சொல்லைத் திருத்தினாள். அன்றே இருவரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர்: ஒரு மணி நேரம் ஆங்கிலம், ஒரு மணி நேரம் சீனம், திருத்தலாம், சிரிக்கலாகாது.

ஆங்கிலத்தில் இல்லாத அண்ணன்

ஒரு நாள் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது இருவரும் ஆங்கிலத்தின் ஏழ்மையைக் கண்டனர். அண்ணனுக்கும் தம்பிக்கும் அதில் ஒரே சொல். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் மூவரும் அங்கே ஒருவரே! சீனத்திலோ அண்ணன் 'கெகெ', தம்பி 'தீதி'. பெரியப்பா 'போபோ', சித்தப்பா 'ஷூஷூ', தாய்மாமன் 'ஜியூஜியூ'. முறை தவறாமல் அழைக்கும் இரு மொழியினர், முறைப்பெயர் குறைந்த மூன்றாம் மொழியொன்றில் சந்தித்திருக்கிறோம் என்று மகிழ்ந்தனர்.

மகிழ்ச்சிக்கு நடுவே தோழி ஒன்று சொன்னாள். "இச்சொற்கள் எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் என் வீட்டில் அவற்றைச் சொல்லி அழைக்க ஒருவருமில்லை." 1980 முதல் 2015 வரை, குடும்பத்திற்கு ஒரே குழந்தை என்னும் ஆணை அந்நாட்டு நகரங்களில் கடுமையாக நடைமுறையில் இருந்தது. அவள் ஒற்றைப் பிள்ளை. தாய், தந்தை, இருபுறத்துப் பாட்டன் பாட்டியர் என அறுவருடைய நம்பிக்கையும் அவள் ஒருத்தியின் தோள்மீது இருந்தது. தவறிவிடுவோமோ என்ற அச்சம் எங்கிருந்து வந்தது என்பது நம் மாணவிக்கு அன்று விளங்கிற்று. "நான் உன்னிலும் ஒரு வயது மூத்தவள். என்னை அக்கா என்று அழை" என்றார். அன்று முதல் தமிழிலேயே 'அக்கா' என்று அழைத்தாள் அவள்.

கொடுத்தவர் பெற்றது

ஆங்கிலம் பழக்கியவருக்கே பெருந்தேவை பின்னர் வந்தது. அயல்நாட்டு மாணவருக்குப் பாடம் ஆங்கிலத்தில்தான். நோயாளியோ சீனமன்றி வேறறியார். எனவே 2019இல் மருத்துவமனைப் பயிற்சி தொடங்குமுன், சீன மொழித் தேர்வின் நான்காம் நிலைக்குரிய சுமார் 1,200 சொற்களை அவர் கற்க வேண்டியதாயிற்று. மாலைதோறும் விடுதி அறையில் தோழி நோயாளியாக நடித்தாள். இன்று வயிற்று வலி, நாளை பல் வலி, மறுநாள் மூச்சிரைப்பு! முதன்முதல் மருத்துவமனையில் ஒரு மூதாட்டியிடம் "எங்கே வலிக்கிறது, பாட்டி?" என்று கேட்டு, அம்மூதாட்டி தம் முழங்காலைத் தொட்டுக் காட்டியபோது, கண்ணீர் வந்துவிட்டது என்று நம்மிடம் கூறினார்.

கதவுகள் அடைபட்டபோது

2020 ஜனவரியில் விடுமுறைக்கு ஊர் வந்தவர், கொள்ளை நோயால் திரும்ப இயலாமற்போனார். அதே வேளையில் தோழி முதுகலைப் படிப்பிற்கான எழுத்துத் தேர்வில் வென்று, நேர்முகத்திற்குக் காத்திருந்தாள். அதில் ஆங்கிலத்தில் வாய்விட்டுப் பேச வேண்டும். இரவு எட்டு மணிக்கு நம் மாணவி மொட்டைமாடியில் அலைபேசியுடன் நிற்பார். அங்கே பத்தரை மணி. இரண்டு மாதங்கள் கேள்வியும் விடையுமாகப் பழக்கினார். மே மாதம் கணினி வழியே நடந்த நேர்முகத்தில் தோழி தேறினாள்.

அடுத்த மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் மோதல் நிகழ்ந்தது. இந்திய வீரர் 20 பேர் உயிர் நீத்தனர். அவருள் ஒருவர் நம் இராமநாதபுரம் மாவட்டத்தவர். மாத இறுதியில், இருவரும் பேசிவந்த செயலி உட்படச் சீனச் செயலிகள் பல நம் நாட்டில் தடை செய்யப்பட்டன. இனி எழுதுவதா, விடுவதா என்று நம் மாணவி பல நாள் கலங்கினார். ஊரார் துயரில் இருக்க, அந்நாட்டாளுக்கு எழுதுவது முறையா? அவர் முடிவு செய்யுமுன் ஒரு மின்னஞ்சல் வந்தது. இலக்கணப் பிழை நிறைந்த ஆங்கிலத்தில் நான்கே வரிகள். உங்கள் ஊர்ச் செய்தியைப் படித்தேன், அழுதேன், வீட்டில் அனைவரும் நலமா என்பதே அதன் சாரம். அதில் ஒரு பிழையையும் அவர் திருத்தவில்லை. விடை எழுதினார்.

2022இல் மாணவருக்கு அனுமதி மீண்டும் கிடைத்தது. நேரடி விமானம் இன்மையால் வேறு நாடு சுற்றிச் சென்றார். இரயில் நிலையத்தில் "அக்கா, சாப்பிட்டாயிற்றா?" என்ற தமிழ்க்குரல் அவரை வரவேற்றது.

நட்பே முதல் நூல்

நானூறு ஆண்டுகளுக்கு முன் சீனம் சென்ற இயேசு சபைத் துறவி மத்தேயு ரிச்சி அடிகளார், 1580இல் நமக்கு அண்மையிலுள்ள கொச்சியில் குருப்பட்டம் பெற்றவர். 1595இல் அவர் சீன மொழியில் முதன்முதல் இயற்றிய நூல் நட்பைப் பற்றியது. அயலார் மொழிக்குள் நுழையும் வாயில் எது என்பதை அவர் நன்கறிந்திருந்தார் போலும்.

பெற்றோரே, நம் பிள்ளைகள் பிறமொழி பேசத் தொடங்குகையில் அதிகம் அஞ்சுவது இலக்கணத்தையா? இல்லை; நம் சிரிப்பையே அஞ்சுகின்றனர். உணவு வேளையில் ஒரு பிள்ளை தட்டுத்தடுமாறி ஒரு வாக்கியம் சொன்னால், முதலில் அதன் பொருளுக்கு விடை கூறுவோம். பிழையைப் பின்னர்த் திருத்தலாம்.