கோடையிலே குன்று ஏறலாமா?

மே மாதம் பிறந்ததுமே, "எங்கேயாவது மலைக்குப் போகலாம்மா" என்று குழந்தைகள் பிடுங்கி எடுக்க ஆரம்பித்து விடுகிறார்கள். ஊட்டியும் கொடைக்கானலும் எல்லாருக்கும் கட்டுப்படியாகுமா? தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் குடியிருக்கும் நமக்கு மலைகள் வாசலிலேயே இருக்கின்றன. மின்சார ரயிலின் ஜன்னல் வழியே தினமும் பார்க்கிறோம், ஏறிப் பார்க்கிறவர்கள்தான் குறைச்சல். "இந்த வெயிலிலா?" என்று கேட்பீர்கள். தாராளமாக ஏறலாம் சகோதரிகளே, ஆனால் புறப்படும் நேரத்தை வெயிலைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. நம் பக்கத்துக் குன்றுகள் கருமை கலந்த கெட்டிப் பாறை. கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தக் கல்தான் போயிற்று. அதனால் இதற்குச் சார்னோக்கைட் என்றே பெயர். காலையில் சமர்த்தாக இருக்கும் இந்தப் பாறை, ஒன்பது மணிக்கு மேல் தோசைக்கல்தான்! சாயங்காலம் சூரியன் இறங்கின பிறகும் வெகு நேரம் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். 2003-ஆம் வருஷம் மே மாதத்தில் சென்னையில் 45 டிகிரி அடித்ததே, நினைவிருக்கிறதா? கடற்காற்றும் மத்தியானத்துக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். மேலைக்காற்று பலமாக இருக்கிற நாளில் நம் பக்கத்துக்கு அதுவும் வராது.

ஆகையால் நாளை இரண்டாகப் பிரித்துக் கொள்ளுங்கள். விடியலில் ஒரு குன்று, அந்தியில் ஒரு குன்று. நடுவில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போடலாம். ஊட்டியிலே இந்த சௌகரியம் உண்டா?

விடியலுக்கு ஏற்றது திருநீர்மலை. பல்லாவரத்திலிருந்து மேற்கே சிறிது தூரம்தான். மே மாதத்தில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் பொழுது விடிந்துவிடும். அப்போது முதல் படியில் கால் வைக்க வேண்டும். கீழே நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலம். மேலே நரசிம்மர் இருந்த கோலம், ரங்கநாதர் கிடந்த கோலம், உலகளந்த பெருமாள் நடந்த கோலம். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதாம். அது வடியும் வரை ஆறு மாதம் காத்திருந்தார் என்பார்கள். சனிக்கிழமையும் விசேஷ நாளும் தவிர்த்துப் போனால் படியெல்லாம் நமக்கே நமக்கு. ஒரு விஷயம். செருப்பைக் கீழேயே விட வேண்டும். ஏறும்போது குளிர்ச்சியாக இருந்த படி, தாமதித்து இறங்கினால் பிஞ்சுப் பாதத்தைக் கொப்பளிக்க வைத்துவிடும். நடை திறக்கும் நேரத்தை முதல் நாளே விசாரித்துக்கொண்டு, எட்டரைக்குள் கீழே வந்துவிடுங்கள்.

திரும்பும் வழியில் பல்லாவரத்தைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு கதை சொல்லலாம். 1863 மே 30 அன்று, இதே மாதிரி கத்திரி வெயில் காலத்தில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர் இங்கே சரளைக்கல் குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஆதி மனிதன் செதுக்கிய கற்கோடரி அது! நம் தேசத்தின் பழைய கற்கால ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது. வழியில் கிடக்கிற கல்லையெல்லாம் என் பையன் அன்று முழுக்கப் பொறுக்கினான்.

அந்திக்குத் திரிசூலம். ரயில் நிலையத்துக்கு எதிரே விமான நிலையம், பின்னால் குன்றுகள், நடுவே சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள திரிசூலநாதர் கோயில். சுற்றியுள்ள குன்றுகள் நான்கு வேதங்கள் என்பது ஐதீகம். குன்றுக்குச் சீரான படிக்கட்டு கிடையாது. உள்ளூர்க்காரர் காட்டும் ஒற்றையடிப் பாதைதான். வேலி போட்ட இடத்தில் நுழையாதீர்கள். ஐந்து மணிக்கு மேல் ஏறி, விமானம் இறங்குவதைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும்.

இங்கேதான் தாய்மார்கள் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும். இந்தப் பக்கம் பல காலம் கல் உடைத்த குவாரிகள் நிறைய. தேங்கிய தண்ணீர் பச்சைப் பசேலென்று அழகாகத்தான் இருக்கும். ஆனால் குளம் மாதிரி சரிவான கரை கிடையாது. ஒரே எட்டில் ஆள் உயரத்துக்கு மேலே ஆழம்! நீச்சல் தெரிந்த பிள்ளைகளும் ஏறிவர முடியாமல் போகிறார்கள். "கால் மட்டும் நனைச்சுக்கறேம்மா" என்றால் கூட வேண்டாம்.

காய்ந்த புல்லும் அப்படியே. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்து மலையேறப் போன பெண்கள் பலர் அதில் உண்டு. தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். மூச்சு வாங்க ஏறுகிற நம்மால் அதை முந்த முடியாது. ஆகவே வனத்துறை கோடையில் பாதையை மூடினால் முணுமுணுக்காதீர்கள். நம் சின்னக் குன்றிலும் டீ போடுகிறேன் என்று ஸ்டவ் பற்ற வைக்கிற வேலை வேண்டாம்.

ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் எடுங்கள். கூடவே ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு மட்டமாக அளந்து கலந்து வைத்துக் கொள்ளுங்கள். உப்பு ஒரு சிட்டிகையும் கூடக் கூடாது. தயிர் சாதம் வெயிலில் புளித்துவிடும், புளியோதரைதான் சரி. குழந்தை தாகம் என்று சொல்லும் வரை காத்திராமல் கால் மணிக்கு ஒரு தடவை குடிக்கக் கொடுங்கள். பருத்தி உடை, தொப்பி, வழுக்காத செருப்பு. நமக்கும் நூல் புடவைதான், நைலக்ஸ் எல்லாம் கல்யாணத்துக்கு வைத்துக் கொள்ளலாம். கைக்குழந்தையையும் மாசமாக இருப்பவர்களையும் கோடையில் அழைத்துப் போகாமல் இருப்பதே நல்லது.

தலைவலி, குமட்டல், நிறைய வேர்வை என்றால் உடனே நிழலில் உட்கார வைத்து உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்ப மயக்கம். வேர்வை வந்தாலும் சரி, நின்றாலும் சரி, அலட்சியம் கூடாது. உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்குச் சொல்லுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

எங்கள் தெருவில் ஐந்து பேர் போன வருஷம் இப்படித்தான் போய் வந்தோம். முட்டிவலி மாமி ஒருவர் திருநீர்மலையில் எல்லாருக்கும் முன்னால் ஏறிவிட்டார். இந்த வருஷம் திரிசூலத்துக்கும் வருகிறேன் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.