மச்சான் தந்த 16 இஞ்சிச் சில்லு

போன பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கப் போகும்போது, மிச்சம் கொமன் ஓரமாகப் போகிற குரொய்டன் ரோட்டில் ஒரு கிடங்கு. மழைத்தண்ணி நிரம்பியிருந்ததால் தெரியவில்லை. முன் இடது சில்லு 'டமார்' என்று விழுந்து எழும்பியது. "அப்பா, கார் நொண்டுது" என்றாள் பின்சீட்டில் இருந்த மகள்.

எங்களுடையது 2013 ரொயோட்டா யாரிஸ். வில்லோ லேன் பக்கம் ஒரு கராஜில் சில்லைக் கழற்றிப் பார்த்தால், அலோயின் உள்விளிம்பு நெளிந்து மயிரளவு வெடிப்பும் விட்டிருந்தது. ரயரின் பக்கச்சுவரில் முட்டை மாதிரி ஒரு புடைப்பு. உள்ளே இருக்கிற நூல்கள் அறுந்தால்தான் அப்படிப் புடைக்கும். அதை ஒட்டவோ தைக்கவோ முடியாது, எறியத்தான் வேணும். மற்ற மூன்று ரயரும் தேய்வின் கரையில் நின்றன. அலோய்களும் கேர்ப்பில் உரசி உரசித் தோல் உரிந்தபடி.

வீட்டில் இரண்டு யோசனை வந்தது. மச்சான் சொன்னார்: "என்ரை பழைய கோர்சாவின்ரை 16 இஞ்சி அலோய் நாலும் ரயரோடை கிடக்கு. 180 பவுண்ஸ் தா. அதுக்கும் நாலு ஓட்டை, உன்ரைக்கும் நாலு ஓட்டை. பூட்டினால் கார் சும்மா ஜம்மெண்டு நிக்கும்." அப்பா சொன்னார்: "உதெல்லாம் என்னத்துக்குத் தம்பி? பழைய ரயர் நாலு வாங்கிப் போடு. நான் 20 வருஷம் அப்பிடித்தானே ஓடினனான்."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த 16 இஞ்சியில் ஒரு கண் இருந்தது. ஆனால் வேலையில் கோட் எழுதிப் பழகிய புத்தி, எக்செல்லைத் திறக்காமல் விடாது.

என் ரயரில் 175/65 ஆர்15 84எச் என்று இருந்தது. 175 என்பது அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் 65 வீதம். 15 என்பது அலோயின் விட்டம், இஞ்சியில். 84 என்றால் ஒரு ரயர் 500 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. கணக்குப் போட்டால் முழுச் சில்லின் விட்டம் 608.5 மி.மீ. மச்சானின் 195/55 ஆர்16 வந்து 620.9 மி.மீ. 2 வீதம் பெரிசு. அதாவது ஸ்பீடோமீற்றர் 30 மைல் காட்டுவதற்கும் உண்மை வேகத்துக்கும் இடையில் 0.6 மைல் வித்தியாசம் கூடும். மீற்றர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்பதுதான் இங்குள்ள விதி. பெரும்பாலான மீற்றர்கள் கொஞ்சம் கூட்டிக் காட்டுவதால் இது மட்டும் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் ரயர் 20 மி.மீ. அகலமும் கூட. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் அரிசி மூட்டை, ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்புகிறோம் என்றால் எங்காவது உரசலாம்.

'நாலு ஓட்டை' கதையில்தான் நிறையப் பேர் ஏமாறுவது. இரண்டு காருக்கும் நட்டு வட்டம் 100 மி.மீ. என்பது உண்மை. ஆனால் அலோயின் நடு ஓட்டை யாரிஸுக்கு 54.1 மி.மீ., கோர்சாவுக்கு 56.6. இடையில் 2.5 மி.மீ. வெற்றிடம். அதை நிரப்ப வளையம் போடாவிட்டால் சில்லு நடுவில் சரியாக உட்காராது, மோட்டர்வேயில் ஸ்டியரிங் நடுங்கும். நட்டு உட்காரும் குழியின் வடிவமும் ஒத்துப்போக வேணும். தட்டை நட்டைச் சரிவான குழியில் இறுக்கினால் பிடிக்காது. அலோயின் உட்புறத்தில் ஈ.டி. என்று ஒரு எண் இருக்கும். ஒரே அகல அலோயில் 45 இருந்த இடத்தில் 35 போட்டால், சில்லு 10 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும்.

இவ்வளவுக்கும் வழி செய்யலாம். வழி இல்லாதது ஒன்றை மச்சானின் கராஜில் டோர்ச் அடித்துப் பார்த்தபோதுதான் கண்டேன். ரயரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நாலு இலக்கம் 1114. 2014ஆம் ஆண்டின் 11ஆவது கிழமையில் செய்தது. தவாளிப்பு நல்ல ஆழம், பார்த்தால் புதுசு. ஆனால் றப்பர் காய்ந்து மெல்லிய வெடிப்புகள். பிரித்தானியாவில் 2021 பெப்ரவரியிலிருந்து பஸ், லொறிகளின் முன் சில்லில் 10 வருஷம் கடந்த ரயர் போடக் கூடாது. காருக்கு அந்தச் சட்டம் இல்லை. பஸ்ஸுக்கு ஆகாததை என் பிள்ளைகள் இருக்கிற காருக்கு எப்படிப் போடுவது?

அப்பாவின் வழியையும் பார்த்தேன். பழைய ரயர் விற்பது குற்றமில்லை. ஆனால் குறைந்தது 2 மி.மீ. தவாளிப்பு இருக்க வேணும், 'பார்ட் வோர்ண்' என்று அதிலேயே பதித்திருக்க வேணும். அவர் கூட்டிப்போன கடையில் ஒன்றிலும் அந்த முத்திரை இல்லை. ரோட்டில் ஓடுவதற்குச் சட்ட எல்லை 1.6 மி.மீ. அதற்குக் கீழே போனால் ஒரு ரயருக்கு 2500 பவுண்ஸ் வரை அபராதமும் லைசன்ஸில் 3 புள்ளியும். அப்படியென்றால் 2 மி.மீ. ரயரில் நாம் வாங்குவது 0.4 மி.மீ. ஆயுள்தான். பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்து எங்களைப் படிப்பித்த மனுசனுக்கு இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. கடை வாசலில் நின்று கேட்டுவிட்டு, "அப்ப வா, போவம்" என்றார்.

கடைசியில் அதே 15 இஞ்சிதான். உடைந்த அலோய்க்குப் பதிலாக, இடித்த கார் உடைக்கும் யார்ட்டில் அதே யாரிஸின் அலோய் ஒன்று எடுத்தேன். மற்ற மூன்றையும் செப்பனிட்டுப் பெயின்ற் அடித்தார்கள். நாலும் புது ரயர். எல்லாமாக 500 பவுண்ஸுக்குக் கொஞ்சம் மேல். யாரிஸுக்குக் கொம்பனியே 195/50 ஆர்16 உம் தருகிறதே என்று கேட்பீர்கள். அதன் பக்கச்சுவர் 97.5 மி.மீ., என்னுடையது 113.75. அந்த 16 மி.மீ. றப்பர்தான் லண்டன் கிடங்குக்கும் அலோய்க்கும் நடுவில் நிற்பது. வடிவுக்காக அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

நீங்கள் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், வாங்க முதல் இன்சூரன்ஸுக்குப் போன் அடியுங்கள். கார் வந்தபோது இல்லாத அலோய் எல்லாம் அவர்கள் கணக்கில் மாற்றம்தான். சொல்லாமல் விட்டால் இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ இடமுண்டு. 2014 நவம்பருக்குப் பிறகு வந்த கார் என்றால் காற்றழுத்தம் பார்க்கிற சென்சர் சில்லுக்குள்ளேயே இருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அது பழுது என்று எச்சரிக்கை விளக்கு காட்டிக்கொண்டிருந்தால் எம்.ஓ.டி. கிடைக்காது.

மச்சானுக்கு இரண்டு கிழமை முகம் சரியில்லை. பிறகு தன் இப்போதைய காரின் ரயர் திகதியைப் படமெடுத்து அனுப்பி, "இது எந்த வருஷம்?" என்று கேட்டார். அப்பா மாதம் ஒருக்கா வந்து, 20 பென்ஸ் குத்தியைத் தவாளிப்புக்குள் செருகி, அதன் வெளிவளையம் மறைகிறதா என்று நாலு சில்லிலும் பார்க்கிறார். போன தடவை மகளும் பக்கத்தில் குந்தியிருந்து, மற்றப் பக்கத்துச் சில்லுக்குத் தன் குத்தியைப் போட்டுப் பார்த்தாள்.