அணைத்த பின்னும் உறங்காத ரோச்

மருதமுனையில் சுனாமி வீட்டுத்திட்டம் ஒன்றில் குடியிருக்கும் கமக்காரர் ஒருவர், சென்ற மாரியில் என்னிடம் ஒரு ரோச் லைற்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

"பாதர், இது நீங்க தந்த ரோச்தான். விதைப்புக்குப் புதுப் பற்றரி போட்டு வாடியில தொங்கவிட்டிருந்தன். ஒருநாளும் பத்தவைக்கல்ல. முந்தாநாள் ராவு யானைச் சத்தம் கேட்டு எடுத்து அமத்தினா, மின்மினி அளவுக்கும் வெளிச்சமில்ல."

பக்கத்து வாடிக்காரர்கள் தீப்பந்தத்தோடு ஓடிவந்ததால் அன்று தப்பினார். அவர் கோபப்படவில்லை, அதுவே எனக்குச் சங்கடமாயிருந்தது. அந்த ரோச் எமது நிவாரணப் பொதியில் போன ஒன்று. 2024 நவம்பர் வெள்ளத்தின்போது எமது களஞ்சிய அறையிலிருந்த அதே வகை ரோச்களை எடுத்துப் பார்த்தபோதும் பாதிக்குமேல் எரியவில்லை. பற்றரி பழசு என்று அன்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். கமக்காரர் வந்து சொன்ன பிறகே ஒன்றைக் கழற்றிப் பார்க்கும் புத்தி வந்தது.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு வீடு ஓரிடம், வயல் வேறிடம். 2004 டிசம்பர் 26க்குப் பின் கரையோரத்தை விட்டு விலகியவர்கள் இதை நன்கறிவர். தண்ணீர்முறை நள்ளிரவில் வந்தாலும் போகத்தான் வேண்டும். வரம்பிலே புடையன் பாம்பு, வட்டை ஓரத்திலே யானை. இங்கே ரோச் என்பது ஆடம்பரப் பொருளல்ல.

முன்னைய தகர ரோச்சில் இருந்தது தள்ளு சுவிட்ச். ஒரு பித்தளைத் தகடு மற்றொன்றைத் தொட்டால் மின் ஓடும். விலகினால் பாதை அறுந்துவிடும். அணைத்தால் அணைந்ததுதான். இப்போது வரும் பல ரோச்களில் இருப்பது மெல்லத் தொட்டால் போதுமான சிறு பொத்தான். அது மின்னை நேரே கடத்துவதில்லை. உள்ளேயிருக்கும் நுண்சில்லு ஒன்றுக்குச் சைகை மட்டும் கொடுக்கிறது. அந்தச் சில்லே விளக்கை ஏற்றுகிறது, மங்கலாக்குகிறது, சிமிட்ட வைக்கிறது. எந்த நேரத்தில் விரல் படும் என்று அது இரவு பகலாக விழித்திருக்க வேண்டும். வாடியிலே விழித்திருக்கும் காவற்காரனுக்குக் கூலி கொடுப்பதுபோல, அந்தச் சில்லுக்கும் பற்றரி கூலி கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

கூலி எவ்வளவு என்பதே கேள்வி. ஏஏ என்று குறிக்கப்பட்ட விரலளவு அல்கலைன் பற்றரியொன்று ஏறத்தாழ 2500 மில்லி அம்பியர் மணி கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகச் செய்த ரோச் அணைந்திருக்கையில் 0.02 மில்லி அம்பியர் இழுத்தால், அது பதினான்கு வருடக் கணக்கு. அதற்கு முன்பே பற்றரி தானாக மூப்படைந்துவிடும், கவலையில்லை. ஆனால் மலிவாகச் செய்த ஒன்று 1 மில்லி அம்பியர் இழுத்தால் 2500 மணித்தியாலம், அதாவது 104 நாள். மூன்றரை மாத நெல்லின் வயது அது. விதைத்த அன்று போட்ட பற்றரி, கதிர் முற்றி யானை இறங்கும் காலத்தில் வெறுமையாகிக் கிடக்கும். இரண்டு பற்றரியை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாலும் இந்த நாட்கணக்கு கூடாது. பொத்தானைச் சுற்றி அழகுக்காகச் சிறு விளக்கொன்று எரிந்துகொண்டிருந்தால் கூலி இன்னும் ஏறும்.

விவிலியத்தில் பத்துக் கன்னியர் உவமை ஒன்றுண்டு. அவர்களுள் ஐவருடைய விளக்கில் எண்ணெய் எரிந்து தீர்ந்தது. எங்கள் கமக்காரருடைய விளக்கிலோ எரியாமலே தீர்ந்திருக்கிறது.

உங்கள் ரோச் எப்படிப்பட்டது என்று அறிய வானொலி திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். பின்மூடியைக் கழற்றி, மல்ரிமீற்றரின் ஒரு கம்பியைப் பற்றரியின் அடியிலும் மற்றதை ரோச் உடலின் வெற்று உலோக விளிம்பிலும் வைத்து, மில்லி அம்பியர் அளவில் பார்க்கச் சொல்லுங்கள். அவ்வேளை பொத்தானை அமத்தக் கூடாது. விளக்கு எரிந்தால் மீற்றரின் பியூஸ் போய்விடும். பொத்தான் பின்மூடியிலேயே இருந்தால் இந்த முறை சரிவராது.

மீற்றர் கிடைக்காவிட்டாலும் வழியுண்டு. பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டுப் பொத்தானை அமத்துங்கள். எரியாவிட்டால் பாதை அறுந்துவிட்டது, கசிவும் நின்றுவிட்டது. தேவைப்படும்போது இருட்டிலும் ஒரு முறுக்கில் இறுக்கிக்கொள்ளலாம். சில ரோச்களின் புரியில் பூச்சு இல்லாததால் தளர்த்தினாலும் எரியும். அப்படியானால் பற்றரிக்கும் சுருளுக்கும் நடுவே தடித்த காகிதத்துண்டு ஒன்றைச் செருகலாம். புது ரோச்சில் பிளாஸ்ரிக் நாடா ஒன்று வருகிறதல்லவா? அதை இழுத்து எறிந்துவிடுகிறோம். அது செய்யும் வேலையும் இதுதான். மாதக்கணக்கில் தொடமாட்டீர்கள் என்றால் பற்றரியைக் கழற்றி ரோச்சோடு ஒரே பையில் கட்டிவையுங்கள்.

கசிவால் பற்றரி தீர்வதோடு கதை முடிவதில்லை. முற்றாக வடிந்த அல்கலைன் பற்றரி உடைந்து காரத்தைக் கக்கும். வெள்ளைப் பொடியாகத் தெரிவது அதுதான். அது உள்ளேயுள்ள உலோகத்தைத் தின்றுவிடும். தேசிக்காய்ப் புளி தொட்ட துணியால் துடைத்து, பின் ஈரமில்லாமல் உலர்த்துங்கள். கண்ணில் கை வைக்காதீர்கள். 18650 என்று இலக்கமிட்ட லிதியம் பற்றரியை 2.5 வோல்ற்றுக்குக் கீழே வடியவிட்டால் அது கெட்டுவிடும்; வீங்கியதையோ நசுங்கியதையோ மீண்டும் சார்ச் செய்வது ஆபத்து. சுவரில் செருகிச் சார்ச் செய்யும் பெரிய கைவிளக்குகள் பலவற்றில் இருப்பது ஈயப் பற்றரி. அதை வெறுமையாக ஒரு போகம் விட்டுவைத்தால் பின்னர் எழும்பாது. மாதமொருமுறை சார்ச் போடுங்கள்.

பொத்தானிலே வேறு தொல்லைகளும் உண்டு. சாரன் மடியில் செருகினால் தானாகவே அமர்ந்து, பகலெல்லாம் எரிந்து, வீடு வரும்போது சூடாக இருக்கும். சாரனுக்குப் பேர்போன மருதமுனையில் இதை நான் சொல்லத் தேவையில்லை! கடற்கரை உப்புக்காற்று பொத்தானுக்குள்ளே புகுந்தால் நான்கு முறை அமத்த ஒருமுறை எரியும். தள்ளு சுவிட்சும் துருப்பிடிக்கும்தான். ஆனால் அதை அரத்தாளால் தேய்த்து நாமே சரிசெய்யலாம். பொத்தானும் சில்லும் போனால் பெரும்பாலும் தூக்கி எறிய வேண்டியதே.

ஆகையால் வாடிக்கும் வெள்ளக்காலப் பொதிக்கும் ரோச் வாங்குவோர், கிளிக் என்று பூட்டிக்கொள்ளும் சுவிட்ச் அல்லது தள்ளு சுவிட்ச் உள்ளதையே கேட்டு வாங்குவது நல்லது. எல்.ஈ.டி. விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய குண்டு பல்ப்பைவிடச் சிறிது மின்னில் அதிக ஒளி தருவது அது. வெள்ளை ஒளிக்கு வழிசெய்த நீல எல்.ஈ.டி.யை உருவாக்கிய மூவருக்கு 2014இல் நோபல் பரிசே கிடைத்தது. விளக்கிலே குற்றமில்லை, சுவிட்சிலேதான்.

எமது களஞ்சியத்தில் மிஞ்சிய ரோச்களின் பற்றரிகளைக் கழற்றிவிட்டோம். கமக்காரருக்கு வேறு ரோச் கொடுக்க முன்வந்தேன், வாங்கவில்லை. "இதே இருக்கட்டும் பாதர், கடுதாசி வெச்சிப் பாப்பம்" என்றார். அடுத்த முறை வாடிக்குப் போனபோது ரோச் வளையில் தொங்கியது. வெளியே நீட்டியிருந்த காகிதத்துண்டு பழைய கலண்டர் மட்டையிலிருந்து வெட்டியது. அதிலே பற்றரி போட்ட திகதியையும் எழுதி வைத்திருந்தார்.